இரண்டு விசை வைத்த ரிவால்வர்

தேயிலை விலை படுத்துவிட்ட அந்த வருஷங்களில் குன்னூரில் என் கடை மட்டும் நன்றாக நடந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய, உண்மை அதுதான். ஒரு கிலோ பச்சை இலை விற்ற காசில் ஒரு கிளாஸ் டீ குடிக்க முடியவில்லை என்று ஊரே புலம்பிக்கொண்டிருந்தது. நான் குமாஸ்தாவாக இருந்த ஃபேக்டரியையும் இழுத்து மூடிவிட்டார்கள். கைக்கு வந்ததை வைத்து பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு சந்தில் பழைய சாமான் கடை போட்டேன். எஸ்டேட் பங்களாக்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். கால் வைத்த குளியல் தொட்டி, பாதி நரம்பு அறுந்த பியானோ, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து எல்லாம் வந்தன. விற்க வந்தோம் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். "சும்மா எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குதுங்க" என்பார்கள். இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த சாமானுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் நின்று பேரம் பேசுவார்கள்.

அப்படி வந்ததில் எனக்குப் பைத்தியம் பிடித்தது கேப் ரிவால்வர்மேல். தோட்டா கண்டுபிடிப்பதற்கு முந்திய காலத்துச் சாமான் அது. உருளையில் ஐந்தாறு குழி இருக்கும். ஒவ்வொரு குழியிலும் முன்பக்கமாக வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு இடிக்க வேண்டும். பின்பக்கம் இருக்கும் சின்ன மூக்கில் மிளகு அளவுக்கு ஒரு செம்புத் தொப்பியை மாட்ட வேண்டும். விசையை இழுத்ததும் சுத்தியல் வந்து தொப்பியில் அடித்தால் பொறி கிளம்பும், வெடிக்கும். அந்தக் காலத்துத் துரை ஐந்து குழியையும் நிரப்பி முடிப்பதற்குள் புலி பைக்காராவில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கும். இப்போது மருந்தும் கிடையாது, தொப்பியும் கிடையாது. அதை நீட்டினால் காக்காய்கூடப் பறக்காது. ஆனாலும் கோயமுத்தூர் மில்காரர்களும் பெங்களூர்ப் பணக்காரர்களும் அதற்காகக் கார் போட்டுக்கொண்டு மலையேறி வந்தார்கள். நானே மூன்றை விற்க மனசில்லாமல் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். "பட்டுல ஒரு சொட்டு எண்ணெ பட்டுச்சுன்னாலும் அதுங்களோட உங்களயும் சேத்து வித்துப்போடுவேன்" என்று என் வீட்டுக்காரி சொல்லிவைத்திருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் இது சுடாத சாமான் என்று ஒரு கடிதம் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது என்றார்கள். போனேன். ஏட்டையா ரிவால்வரை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, குழலுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். "சுடாதுன்னு எப்படிய்யா நம்பறது?" என்றார்.

"மருந்தே கிடையாதுங்க சார்."

"அது சரி. சுட்டுக் காட்டு, சுடலேன்னா எழுதித் தர்றேன்."

சுட்டுக் காட்டவும் முடியவில்லை, சுடாமல் காட்டவும் முடியவில்லை. மூன்று மாதம் நடந்து, கடைசியில் 'பார்வைக்குச் சுடாததுபோல் தெரிகிறது' என்று எழுதி வாங்கி வந்தேன்.

இனி என் நிபுணத்துவத்தைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். மலை பூராவும் என்னைத்தான் 'துப்பாக்கி பாக்கறவரு' என்றார்கள். என் படிப்பு என்னவென்றால், ஒரே ஒரு புத்தகம். ஒரு பங்களா ஏலத்தில் வந்த தடித்த ஆங்கிலப் புத்தகம். ரிவால்வர் செய்த பட்டறைகளை ஏ, பி, சி என்று வரிசைப்படுத்திப் படத்தோடு போட்டிருந்தார்கள். வாங்கும்போதே அது பாதிப் புத்தகம்தான். பங்களாக் கூரை ஒழுகி, 'எம்' எழுத்துக்குப் பிறகு இருந்த தாள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி மரக்கட்டை ஆகிவிட்டது. ஆவியில் காட்டினேன், அடுப்பு மேட்டில் வைத்தேன், பிளேடால் கீறினேன். தாள் பிரிவதற்குப் பதிலாகப் பூஞ்சைதான் பறந்தது. ஆகவே 'எம்' வரைக்கும் எனக்கு அத்துப்படி. அதற்கு மேல் உலகத்தில் பட்டறையே கிடையாது என்று வைத்துக்கொண்டேன். அந்தப் பாதிப் புத்தகத்தில் இல்லாத ரிவால்வர் யாராவது கொண்டுவந்தால், "டூப்ளிகேட்டுங்க" என்று சொல்லிவிடுவேன். தெரியவில்லை என்று சொல்லலாம்தான். சொன்னால் அப்புறம் யார் வருவார்கள்?

சொல்கிற விதம் ஒன்று இருக்கிறது. அதை நான் தேயிலை ஏலத்து ஆட்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர்கள் டீயைக் கரண்டியில் எடுத்து 'சர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார்கள். எதிர்ப்பேச்சே இருக்காது. நானும் ரிவால்வரை வாங்கியதும் குழலை முகர்ந்து பார்ப்பேன். கையில் எடை பார்ப்பேன். கண்ணை மூடி "ம்ம்" என்பேன். குழலில் என்ன வாசம் வரும்? துரு வாசம்தான் வரும். நான் என்னமோ போர்க்களத்தையே முகர்ந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

அந்தக் கடைக்குத்தான் ஒரு நாள் காலையில் அந்த டீமேக்கரும் அவர் மனைவியும் வந்தார்கள். டீமேக்கர் என்றால் டீ போடுகிறவர் இல்லை. ஃபேக்டரியில் அரைத்த இலை எவ்வளவு நேரம் கிடந்து நிறம் மாற வேண்டும், எப்போது அடுப்புக்குப் போக வேண்டும் என்று மூக்கை வைத்தே முடிவு செய்கிற ஆள். குந்தாப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். விலைச் சரிவில் அந்த ஃபேக்டரியும் மூடிப்போய், இப்போது அந்தம்மாள் கரண்ட் ஆபீஸ்காரர்களுக்கு மெஸ் நடத்த, இவர் வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கோட்டும் மப்ளருமாக, கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருந்தார்.

துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிரிக்கவில்லை. மேலே கையை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

எஸ்டேட்டைக் கொடுத்துவிட்டுச் சீமைக்குப் போன கடைசித் துரை, கிளம்பும் முன்னால் இவரைக் கூப்பிட்டாராம். எஸ்டேட் ஓரத்தில் இரண்டு ஏக்கர் தேயிலை, இல்லையென்றால் கணப்புக்கு மேலே மாட்டியிருக்கும் ரிவால்வர், இரண்டில் எது வேண்டும் என்று கேட்டாராம். அந்த ரிவால்வரைத் துடைத்து எண்ணெய் போட, துரை இவர் ஒருத்தரைத்தான் விடுவாராம். இவர் ரிவால்வரைக் கேட்டார். இரண்டு ஏக்கர் ஜீப் டிரைவருக்குப் போனது.

"அந்த டிரைவரு அதுல ஊடு கட்டுனாரு, டிவி வாங்குனாரு, ரெண்டு புள்ளைகளக் கட்டிக் குடுத்தாரு" என்றார் அந்தம்மாள். அவர் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது, முப்பது வருஷமாகப் பாடம் பண்ணிய கணக்கு. "என்ற ஊட்டுக்காரரு இரும்புத் துண்ட வாங்கிட்டு வந்தாரு. அதுக்கு வாரா வாரம் எண்ணெ வேற. எனக்குத் தலைக்கு வெக்க எண்ணெ இருக்காதுங்ண்ணா, அதுக்கு இருக்கும்."

டீமேக்கர் கோபப்படவில்லை. சிரித்தார். "இப்பச் சொல்லுங்க சார். அந்த ரெண்டு ஏக்கரா இப்ப என்ன வெலைக்குப் போவும்?"

"யார் சார் வாங்குவாங்க? பறிக்கிற கூலிக்கே கட்ட மாட்டேங்குது."

"கேட்டுக்க" என்றார் மனைவியிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் விக்க வரலீங்க. இது நெசமானதுன்னு உங்க வாயால ஒரு வார்த்த. அவ காதுல உழுகணும். அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தனுங்க."

அந்த மனிதர் முப்பது வருஷம் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே செய்தேன் என்பதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தார். எண்ணெய் மினுங்கும் கறுப்பு ரிவால்வர். ஐந்து குழி. கைப்பிடியில் கட்டம் கட்டமாகச் செதுக்கல். வழக்கம்போல முகர்ந்தேன், எடை பார்த்தேன், "ம்ம்" என்றேன். அப்புறம்தான் கவனித்தேன். அதற்கு இரண்டு விசை இருந்தது. விரலுக்குக் காவலாக இருக்கும் வளையத்துக்குள்ளே ஒன்று, வளையத்தைத் துளைத்துக்கொண்டு கீழே வால் மாதிரி இன்னொன்று. இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. என் பாதிப் புத்தகத்தில் இல்லை. மூளை என்னமோ 'தெரியலேன்னு சொல்லிடு' என்றது. ஆனால் கடை வாசலில் பெட்டிக்கடைக்காரரும் ஆட்டோக்காரர்கள் இரண்டு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாலையில் பெங்களூர் ஆள் ஒருவர் வேறு வருவதாக இருந்தது.

"டூப்ளிகேட்டுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விளக்கமும் கொடுத்தேன். "ரெண்டு விசை வெச்சு எந்த வெள்ளைக்காரன் செய்வான்? யாரோ பட்டறைக்காரன் ரெண்டு உடைஞ்ச துப்பாக்கிய ஒண்ணா ஒட்ட வெச்சிருக்கான். துரை உங்கள ஏமாத்தியிருக்கார்."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அந்தம்மாள் பாய்ந்துவிழுவார் என்று எதிர்பார்த்தேன். வாயைத் திறந்தவர், கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஏலத்து ஆட்கள் ருசி பார்த்துச் சொன்னால் அதோடு சரி என்று முப்பது வருஷம் பழகியவர் டீமேக்கர். "தொழில் தெரிஞ்சவரு சொன்னா சரிங்க" என்றார். ரிவால்வரை மறுபடியும் துணியில் சுற்றினார். முடிச்சு விழவில்லை. அந்தம்மாள்தான் வாங்கிக் கட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஓடியது. கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்து புத்தகங்களை எல்லாம் எடைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பழைய இரும்புக் கடைச் சேட்டன் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். குவியலில் என் புத்தகத்தின் இன்னொரு பிரதி கிடந்தது. முழுசாக. ஒரு தாள்கூட ஒட்டாமல்.

"அது நல்ல கனம் உண்டு கேட்டோ" என்று தராசில் தூக்கிப் போட்டார் சேட்டன்.

நின்றபடியே 'எம்' தாண்டிப் புரட்டினேன். 'எஸ்'ஸுக்கு அடுத்து வரும் 'டி' எழுத்தில் ஒரு பக்கம். முழுப் பக்கத்துக்குப் படம். ஐந்து குழி, கட்டம் போட்ட கைப்பிடி, வளையத்துக்குக் கீழே வால் மாதிரி நீட்டிய இரண்டாவது விசை. கீழ் விசையை நடுவிரலால் இழுத்தால் சுத்தியல் பின்னால் போகுமாம், மேல் விசையை ஆள்காட்டி விரலால் தொட்டால் சுடுமாம். அருமையான வேலைப்பாடு, சேகரிப்பவர்கள் தேடி அலைவது என்று எழுதியிருந்தது. அய்யோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சேட்டன் எடை அதிகம் என்று சொல்கிறேனாக்கும் என நினைத்து, "அரை கிலோ குறைச்சுத் தராம்" என்றார்.

உடனே குந்தாவுக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. மழை, கடையில் ஆள் இல்லை, காலில் ஆணி என்று இரண்டு மாதம் எனக்கு நானே லீவ் லெட்டர் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் வீட்டுக்காரிதான், "அந்தப் புஸ்தகத்த மடியில வெச்சுக்கிட்டுப் பேயறஞ்ச மாதிரி எத்தன நாளைக்கு ஒக்காந்திருப்பீங்க? போயிச் சொல்லீட்டு வாங்க" என்று மப்ளரை எடுத்துக் கழுத்தில் போட்டாள்.

மெஸ் பஸ் நிற்கிற இடத்திலேயே இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. அந்தம்மாள் வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி பக்கத்தில் வந்தார். திட்டப்போகிறார் என்று தயாராக நின்றேன்.

"வாங்ண்ணா. உங்களயத்தான் பாக்க வரணும்னு இருந்தேன்" என்றார் மெதுவாக. "அன்னைக்கு ஊடு வந்தவரு அடுத்த நாளே அந்தத் துப்பாக்கியக் கொண்டுபோயி எஸ்டேட் முனியப்பன் கோயில்ல குடுத்துப்போட்டாரு. என்னய ஒரு வார்த்த கேக்குல. அன்னைலிருந்து பேச்சே இல்லீங்ண்ணா. முன்னயெல்லாம் சோறு திங்க வர்றவீங்ககிட்ட அந்தத் தொரை கதையத்தான் சொல்லுவாரு. நான் உள்ளருந்து ஏதாச்சும் குத்திச் சொல்லுவேன். அவரு திருப்பிச் சொல்லுவாரு. எங்க பொழப்பே அப்பிடித்தான் ஓடுச்சு. இப்ப நான் யார்கூடச் சண்ட கட்டறது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ற வாயிதான் எல்லாத்துக்கும் காரணம். ஒரு பொய்யிதான் சொல்லுங்களேன். நெசமானதுதான், அன்னைக்குத் தப்பாச் சொல்லிப்போட்டேன்னு."

"பொய்யே வேண்டாம்மா" என்றேன். "நிஜமாகவே அது நிஜமானதுதான். நான்தான் தப்பாச் சொன்னேன். இதோ பாருங்க, புத்தகமே கொண்டுவந்திருக்கேன்."

அந்தம்மாள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்பிடித்தான்! இதே மாதிரியே மொகத்த வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க. புஸ்தகத்தையும் காட்டுங்க."

பலகைச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

உள்ளே டீமேக்கர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். 'டி' எழுத்துப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். பாதிப் புத்தகத்துக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாங்க, சித்தெ நடந்துட்டு வருவோம்" என்று எழுந்தார்.

முனியப்பன் சாமி, எஸ்டேட் எல்லையில், உரம் காணாத தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வலது கையில் அரிவாள். இடது கையில் முன்பு மரத் துப்பாக்கி இருந்ததாம், மழையில் இற்றுப்போய்விட்டதாம். இப்போது அந்தக் கையில் டீமேக்கரின் ரிவால்வர். கைப்பிடியைச் சிமெண்ட் போட்டு மூடி, ஃபேக்டரி புகைப்போக்கிக்கு அடிக்கிற அலுமினியம் பெயிண்டை மேலே இரண்டு கோட் அடித்திருந்தார் பூசாரி. குழல் வாயில் விபூதி. வளையத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த இரண்டாவது விசையில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. பெங்களூர்ப் பணக்காரர்கள் தேடி அலைகிற அந்த விசை, பழம் குத்த வசதியாகத்தான் இருந்தது.

பெயிண்டைச் சுரண்டினால் பட்டறையில் வெட்டிய எண் தெரியும் என்று கையை நீட்டினேன். டீமேக்கர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சாமி கையில இருக்கறதச் சொரண்டக் கூடாதுங்க."

"நான் சொல்றத நம்புங்க. நிஜமானதுதான்."

"மொதல் வாய்ல நாக்கு சொல்றதுதாங்க சரி. ரெண்டாவது வாட்டி உறிஞ்சினா அது நம்ம மனசுக்குத் தகுந்த மாதிரித்தான் சொல்லும். டீயில அப்பிடித்தான்." சொல்லிவிட்டு மெஸ் இருந்த பக்கம் பார்த்தார். தகரக் கூரைமேல் புகை போய்க்கொண்டிருந்தது. அவர் உதடு லேசாகத் துடித்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"அவ சொல்லச் சொன்னதெல்லாம் உள்ள கேட்டுச்சுங்க" என்றார். "முப்பது வருசமா என்னயக் கரிச்சுக் கொட்டுனவ. எனக்காகப் பொய் சொல்லுங்கன்னு உங்க முன்னால நின்னு அழுவறா. அந்தத் தொரை எனக்கு என்னத்தக் குடுத்திருந்தாலும் இது வந்திருக்காதுங்க." பிறகு என் கண்ணை நேராகப் பார்த்தார். "அவ சொல்லித்தானே சொன்னீங்க?"

கையில் புத்தகம் கனத்தது. சேட்டன் சொன்னது சரி, நல்ல கனம். என் வாழ்க்கையில் நான் சரியாகச் சொன்ன மதிப்பு அந்த ரிவால்வர் நிஜமானது என்ற ஒன்றுதான். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், அன்றைக்குக் கடையில் நின்ற மாதிரியே. அன்றைக்கு அந்த முகத்துக்கு ஒரு வார்த்தை தர எனக்கு மனசு வரவில்லை.

"ஆமாங்க" என்றேன். "அம்மாதான் சொல்லச் சொன்னாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பி நடந்து மெஸ்ஸுக்கு வந்ததும், சாப்பிட உட்கார்ந்திருந்த கரண்ட் ஆபீஸ்காரர்களிடம் நேராகப் போனார். "கேட்டீங்களா சேதிய? தொரை குடுத்த துப்பாக்கி நெசமானதுதானாமா. குன்னூர்லருந்து புஸ்தகமே கொண்டாந்திருக்காரு" என்று ஆரம்பித்துவிட்டார். அடுப்படியிலிருந்து, "ஆமா, அதயத் தின்னா பசி அடங்கீருமா?" என்று குரல் வந்தது. குரல் உடைந்திருந்தது.

பஸ் வரும்போது அந்தம்மாள் ஓடிவந்து இட்லிப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தார்.

"எத்தன நல்லாச் சொன்னீங்கண்ணா" என்றார் காதருகில். "பொய்யின்னு தெரிஞ்சும் நானே நம்பிப்போட்டேன்."